அன்பை அளவுகோலாக வைத்து முடிவெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இளைஞர் கூட்டங்களில், வேதபாட வகுப்புகளில், சில நேரம் துக்க வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து பேசும்போது வந்த கேள்விகள் இவை. நான் போதகர் இல்லை, சபையில் பாடம் எடுக்கும் ஒரு சாதாரண ஆள். பிறந்தது லுத்தரன் குடும்பம், பெண் எடுத்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். அதனால் இரண்டு பக்கத்துச் சொற்களும் கலந்து வரும்.

"அன்புதான் அளவுகோல்" என்கிறீர்களே, அது என்ன கொள்கை?

எது சரி என்று தெரியாமல் திகைத்து நிற்கும் இடத்தில், "இங்கே என் பிறனுக்கு உண்மையிலேயே நன்மை செய்வது எது?" என்ற கேள்வியை மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் மேலே வைப்பது. பெரிய கட்டளை எது என்று ஒரு நியாயசாஸ்திரி கேட்டபோது இயேசு இரண்டைச் சொன்னார். முழு இருதயத்தோடும் கடவுளிடத்தில் அன்புகூருவது ஒன்று. "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்பது மற்றது. நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கின்றன என்றார் (மத்தேயு 22).

இருபதாம் நூற்றாண்டில் இதை ஒரு கொள்கையாகக் கூர்மைப்படுத்தியவர் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபைக் குருவான ஜோசப் ஃப்ளெட்சர். 1966இல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகு 'சூழ்நிலை ஒழுக்கவியல்' என்ற பெயர் பரவலானது. முடிவெடுக்க மூன்று வழிகள் உண்டு என்றார் அவர். சட்டம் சொன்னால் சொன்னதுதான் என்பவர் ஒருவர். எந்தச் சட்டமும் வேண்டாம், அந்த நேரத்தில் மனதில் பட்டதைச் செய்வேன் என்பவர் இன்னொருவர். மூன்றாமவர் சட்டங்களையும் முன்னோர் அனுபவத்தையும் மதித்துக் கையில் வைத்திருப்பார்; ஆனால் அன்பு கேட்டால் அவற்றை ஒதுக்கி வைக்கவும் தயாராக இருப்பார். ஃப்ளெட்சர் நின்றது மூன்றாவது இடத்தில்.

அவர் கேட்ட கேள்வியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அவர் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அன்பு என்றால் மனதில் தோன்றும் பாசமா?

பாசம் நம் வீட்டாரிடம் தானாக வரும். அதற்குக் கட்டளை தேவையில்லை. இயேசு கட்டளையாகச் சொன்ன அன்பு, பிடிக்காதவருக்கும் நன்மை நடக்க வேண்டும் என்று தீர்மானித்து அதற்காக உழைப்பது. நல்ல சமாரியன் கதையை ஒரு முறை திரும்பப் படித்துப் பாருங்கள் (லூக்கா 10). அவன் மனதுருகினான் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, அவன் என்னென்ன செய்தான் என்பதைத்தான் லூக்கா வரிசையாக எழுதுகிறார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டினான், எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். நேரம், பொருள், பணம், பயணத் தாமதம் எல்லாமே அவன் கணக்கு. இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது இதைத்தான்: செலவு யார் கணக்கில்?

அப்படியானால் பத்துக் கட்டளைகள் தேவையில்லையா?

தேவை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடங்களில் கட்டளை சொல்வதும் அன்பு சொல்வதும் ஒன்றேதான். பொய் சொல்லாதே, திருடாதே, அடுத்தவன் குடும்பத்தில் கைவைக்காதே என்பவை எல்லாம், மனிதரை மனிதர் எப்படியெல்லாம் நோகடிக்க முடியும் என்று பல தலைமுறைகள் பட்டுத் தெரிந்துகொண்டதன் சுருக்கம். "அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது" என்று பவுல் சொல்லும்போது (ரோமர் 13) கட்டளைகளை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வந்து சேருகிறார்.

முகத்துவாரத்தில் படகு ஓட்டும் மூத்த மீனவர்களைப் பாருங்கள். மணல்திட்டு எங்கே, வழி எங்கே என்று அவர்கள் சொல்வதைக் கேட்காமல் போகிறவன் படகைக் கெடுத்துக்கொள்வான். ஆனால் மணல் இடம் மாறிய நாளில் அந்த மூத்தவரே பழைய வழியை விட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்துத்தான் திருப்புவார். வழி தெரியாதவன் திருப்புவதற்கும் அவர் திருப்புவதற்கும் வித்தியாசம் உண்டு.

வேதத்தில் இதற்கு உதாரணம் உண்டா?

நிறைய. ஓய்வுநாளில் சீடர்கள் கதிர் கொய்ததைப் பரிசேயர் குற்றம் சொன்னபோது, ஆசாரியர் மட்டுமே உண்ணவேண்டிய அப்பத்தைப் பசியில் தாவீது உண்டதை இயேசு நினைவூட்டினார். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்றார் (மாற்கு 2).

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் வரும் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். எபிரெயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான் பார்வோன். இவர்கள் கொல்லவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, நாங்கள் போவதற்குள் அந்தப் பெண்களுக்குப் பிரசவம் ஆகிவிடுகிறது என்று சொல்லிவிட்டார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் சொல்கிறது. அந்தப் பதிலால் அவர்கள் சம்பாதித்தது எதுவும் இல்லை. மாட்டியிருந்தால் போயிருக்கும் உயிர் அவர்களுடையது. ஒரு விதியை அன்புக்காக மீறுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைத்துக்கொள்வது இந்த இரண்டு பெண்களைத்தான்.

அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்லாமல் மறைப்பதுதானே அன்பு?

அதிகம் வந்த கேள்வி இது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களில் இதே காட்சி. பரிசோதனை முடிவு வரும், மகன் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டார்" என்பான். சொல்பவனுக்கு அப்பா மேல் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது? அப்பாவையா, அல்லது அவர் அழுவதைப் பார்க்கும் தைரியம் இல்லாத நம்மையா? பல வீடுகளில் இரண்டும் கலந்திருக்கும். பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஆனால் பார்க்கத்தான் வேண்டும். அப்பாவுக்கும் வேலைகள் பாக்கி இருக்கலாம். நிலத்தைப் பிரித்து எழுத வேண்டியிருக்கலாம். பல வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச நினைக்கலாம். நற்கருணை வாங்க, பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசைப்படலாம். அவருக்கு மிச்சமிருக்கும் நாட்கள் அவருடையவை. அவரிடம் கேட்காமலே நாம் செலவழித்துவிடுகிறோம்.

அப்புறம், அவருக்குத் தெரியாது என்று நாம் நினைப்பதே பெரும்பாலும் தப்பு. எந்த வார்டில் படுத்திருக்கிறோம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு என்ன வியாதி, மகள் ஏன் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருகிறாள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். தெரிந்தும் தெரியாதவர்போல அவர் நடிக்க, நாமும் நடிக்க, கடைசி மாதங்களில் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாமல் போய்விடுகிறது.

அதற்காகப் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவு வருவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடலாம்: "ரிசல்ட் வந்தா எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லச் சொல்லவா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமாப்பா?" சிலர், "நீங்களே பாத்துக்கோங்க, எனக்கு எதுக்கு" என்பார்கள். அது அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டும். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன, புத்துநோயா?" என்று நேராகக் கேட்பார்கள். அவர்களிடம் "வெறும் அல்சர்தான்" என்று சொல்வதை என்னால் அன்பு என்று ஏற்க முடியாது. கேட்ட அளவுக்குச் சொல்லலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அறுவைக்கும் கீமோவுக்கும் நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். என்ன வியாதி என்று தெரியாதவர் எதற்குச் சம்மதிக்கிறார்?

மறைப்பது அன்பாக இருக்கும் இடமே கிடையாதா?

உண்டு. ஒரு விபத்து. அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், கூட வந்த மகன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டான். கண் விழித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "புள்ள எங்க?" இரத்த அழுத்தம் தள்ளாடிக்கொண்டிருக்கும் அந்த மணிநேரத்தில், "முதல்ல நீங்க தேறணும்மா, அப்புறம் எல்லாம் பேசுவோம்" என்று சொல்லித் தள்ளிப்போடுவது அன்பு. இங்கே மறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு கால அளவு இருக்கிறது, எப்போது யார் சொல்வது என்ற ஏற்பாடும் இருக்க வேண்டும்.

ஏற்பாடு இல்லாமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் தெரியுமா? உறவினர் கூடி மறுநாளே அடக்கத்தை முடித்துவிடுவார்கள். பெற்றவள் கடைசியாக முகம் பார்க்காமல் போய்விடுவாள். பத்து நாள் கழித்து அவளிடம் போய், உன் நன்மைக்காகத்தான் என்று சொன்னால் அதை அவள் எப்படித் தாங்குவாள்? அதனால் நான் சொல்வது: உடலைச் சவக்கிடங்கில் சில நாள் வைக்க முடியும். எப்போது தாங்குவார் என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தவரை அடக்கத்துக்கு முன் சொல்லுங்கள். சொல்லும்போது அவர் தங்கையோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். சொல்லலாமா கூடாதா என்று எந்தச் சட்டப் புத்தகமும் இங்கே முடிவு செய்து தராது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"அன்பு" என்று சொல்லி எனக்கு வசதியானதையே செய்துகொள்வேனே?

செய்வீர்கள். எல்லோரும் செய்வோம். இந்தக் கொள்கையின் பெரிய ஆபத்து இதுதான், இதை மறைத்துவிட்டு யாருக்கும் நான் பாடம் எடுப்பதில்லை. விதியை மீறுவதால் லாபம் எனக்கு, நஷ்டம் வேறொருவருக்கு என்றால் அது அன்பு இல்லை என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். யாருக்காகச் செய்கிறேன் என்கிறேனோ அவரிடமே இதை நேராகச் சொல்ல முடியுமா என்றும் பார்க்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை என்றால் எங்கேயோ கோணல் இருக்கிறது. நாம் செய்ததையே வேறொருவர் நமக்குச் செய்தால் நன்றி சொல்வோமா, சண்டைக்குப் போவோமா என்று யோசித்துப் பார்த்தாலும் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் புதுச்சேரியிலிருந்து இரண்டு பெட்டி சரக்கு கொண்டுவரச் சொல்கிறான் மச்சான். உறவுக்காகச் செய்தால் தப்பா?

தப்பு. விலை குறைவு என்பதைத் தவிர இதில் வேறு காரணம் இல்லை. மாநில எல்லையில் உள்ள ஆல்பேட்டை செக்போஸ்டில் மாட்டினால் வழக்கு, வண்டி பறிமுதல். அங்கே நிற்கப்போவது பெரும்பாலும் மச்சான் இல்லை, வாடகை வண்டி ஓட்டும் பையன். அவனும் உங்கள் பிறன்.

சுருக்குமடி வலை போடுவது சட்டவிரோதம் என்கிறார்கள். என் குடும்பத்தைக் காப்பாற்றத்தானே போடுகிறேன்?

கேட்டவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கோபத்தோடு கேட்டார், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. படகுக்கும் வலைக்கும் வாங்கிய கடன் பெரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. ஒரு தடவை மத்திக் கூட்டம் மாட்டினால் கடன் பாதி அடைந்துவிடும் என்று தெரிந்தவனிடம், சட்டம் சொல்கிறது, சும்மா இரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அன்பும் இல்லை, பதிலும் இல்லை.

ஆனால் அதே ஊரில் கட்டுமரத்திலும் சின்ன ஃபைபர் படகிலும் போகிறவர் இருக்கிறார். சுருக்குமடி ஒரு மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளிவிடும். கரையோரத்தில் அதைப் போட்டால் செவுள்வலை போடும் இந்தச் சின்னப் படகுக்காரருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. தமிழ்நாட்டின் கடல் எல்லைக்குள் அந்த வலைக்குத் தடை வந்ததன் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது. கடலூர், புதுச்சேரிக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் மோதல் வரும் அளவுக்கு இது போயிருக்கிறது.

அன்பை அளவுகோலாக வைப்பவர் இங்கே சறுக்கும் இடம், பக்கத்தில் தெரிகிற பிறனை மட்டும் பிறன் என்று எண்ணுவது. மனைவி பிள்ளைகளின் முகம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அடுத்த குப்பத்துக்காரரின் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. ஃப்ளெட்சர் இதைச் சரியாகப் பார்த்தார்: பல பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படும் அன்புதான் நீதி என்றார். ஒருவரிடம் மட்டும் காட்டும் அன்பு இன்னொருவர் தட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது: நீ மட்டும் வலையைச் சுருட்டி வைத்தால் கடன்காரன் விடமாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் உன் படகுக்காரர்களும் செவுள்வலைக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு முதலில் ஏற்பாடு செய். எதிரில் உட்காருபவனின் கடன் எவ்வளவு என்று கேள். வலையை மாற்றக் கடன் தள்ளுபடியோ மானியமோ கேட்டு நீ போராடினால் சபை உன் பின்னால் நிற்க வேண்டும். சபை நிற்கவில்லை என்றால், அன்பைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை.

நிவாரணம் கொடுக்கும்போது யாருக்கு முதலில் என்று எப்படி முடிவு செய்வது?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தோப்புக்காரருக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த கூலிக்காரப் பெண்ணுக்கு விழுந்த மரம் ஒன்றுகூடச் சொந்தம் இல்லை. புதுக் கன்று காய்க்கும் வரை சில வருடம் அவளுக்கு வேலையும் இல்லை. இழந்த சொத்தைக் கணக்கெடுக்கும் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் ஏறாது. ஒரு சபை நிவாரணப் பட்டியல் போட்டால் அவளைத் தேடிப் போய்ச் சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. சபை உறுப்பினரா, எந்த மதம் என்று கேட்கவே கூடாது. சமாரியன் கேட்கவில்லை.

அன்பு அன்பு என்கிறீர்கள். கல்லறையில்கூட சாதி பார்க்கிறோமே?

இந்தக் கேள்வி வரும்போது அறையில் ஒரு அமைதி விழும். பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது.

புதுச்சேரியில் இது பழைய கதை. அங்கே ஒரு ஆலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரிக்கச் சுவர் கட்டியிருந்தார்கள். 1745 அக்டோபரில், அந்த மக்களே போய்க் கேட்ட பிறகு, அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும் சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்ததையும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை, இடித்ததை ஆதரித்து எழுதியவரும் இல்லை. அதனால் அந்தச் சாட்சி இன்னும் கனமானது.

சுவர் வேண்டும் என்றவர்களும் அன்பைத்தான் பேசியிருப்பார்கள்: வழக்கம், குடும்ப மானம், சபை உடையக் கூடாது என்ற அக்கறை. நீதி இல்லாத அன்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கோவில், கல்லறை, தேர் என்று எந்த இடத்தில் பிரிவினை இருந்தாலும் அங்கே "பொறுமையாகப் பார்க்கலாம்" என்று சொல்பவர் யார் செலவில் பொறுமை காட்டுகிறார் என்று கேளுங்கள்.

மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவள் நன்மைக்காகத்தானே தடுக்கிறோம்?

பையன் குடிக்கிறானா, வேலைக்குப் போகிறானா, அவளை மரியாதையாக நடத்துகிறானா என்று விசாரிப்பது அன்பு. சாதியை மட்டும் காரணம் காட்டித் தடுப்பது அவள் நன்மைக்காக இல்லை, சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்பதற்காக. வேறு மதம் என்றால் விஷயம் கொஞ்சம் வேறு: கத்தோலிக்கத் திருமணத்துக்கு ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும், பிள்ளைகளின் வளர்ப்பு பற்றி முன்பே பேச வேண்டும். பங்குத்தந்தையிடம் இருவருமாகப் போய்ப் பேசட்டும். நீங்களும் கூடப் போங்கள்.

ஃப்ளெட்சரிடம் உங்களுக்கு என்ன பிரச்சினை?

அவர் சொல்லும் புகழ்பெற்ற உதாரணம் இது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஒரு ஜெர்மானியத் தாய் பிடிபட்டு உக்ரைனில் ரஷ்யர்களின் சிறை முகாமில் அடைக்கப்படுகிறார். கர்ப்பமானால் விடுதலை செய்வார்கள் என்று தெரிகிறது. ஒரு காவலாளி மூலம் கர்ப்பமாகி, விடுதலையாகி, சிதறிப்போன கணவரையும் பிள்ளைகளையும் வந்து சேர்கிறார். அவர்கள் குழந்தையோடு அவரை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்தத் தாய்மேல் கல்லெறிய எனக்குக் கை வராது. ஆனால் இந்தக் கதை நமக்குச் சொல்லப்படும்போது முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. குடும்பம் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பிறகு, செய்தது சரி என்று சொல்வது சுலபம். முகாமில் முடிவெடுத்தபோது அவருக்கு அது தெரியாது. நாம் எடுக்கும் முடிவுகளிலும் கடைசிப் பக்கம் நமக்குத் தெரியாது. நோக்கம் ஒன்றே வழியை நியாயப்படுத்தும் என்று ஃப்ளெட்சர் சொல்லும் இடத்தில், பின்விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்க நம்மால் முடியும் என்ற நம்பிக்கை அளவுக்கு மீறி இருக்கிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை என்று கூட்டிக் கழிப்பதில், எண்ணிக்கையில் குறைந்தவர் எப்போதும் தோற்றுப்போவார். பிற்காலத்தில் அவர் கிறிஸ்தவ விசுவாசத்தையே விட்டுவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் மட்டும் அவர் முன்பு எழுதியது பொய்யாகிவிடாது.

திருச்சபை இதை ஏற்கிறதா?

கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கவில்லை. ஃப்ளெட்சருக்கு முன்பே, 1952இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை இந்த வகைச் சிந்தனையைக் கண்டித்தார். 1956இல் ரோமாபுரி அதைக் கற்பிப்பதைத் தடை செய்தது. 1993இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், எந்தச் சூழ்நிலையிலும் எந்த நோக்கத்துக்காகவும் செய்யக் கூடாத செயல்கள் உண்டு என்று சுற்றுமடலில் உறுதியாக எழுதினார். "நன்மை வரும்படிக்குத் தீமை செய்வோமாக" என்பதை அப்போஸ்தலர் பவுல் மறுத்ததுதான் அவர்களுக்கு அடிப்படை (ரோமர் 3). 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், விதியை விட்டுக்கொடுக்காமலே, ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் தனித்தனியாகப் பார்த்துக் கூடவே நடக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொண்டார். சீர்திருத்தச் சபைகளில் ஒரே குரல் இல்லை. 1963இல் ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் ராபின்சன் இந்தச் சிந்தனையை வரவேற்றார். பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

செய்யவே கூடாதவை சில உண்டு என்பதில் நான் ரோமாபுரியின் பக்கம். சித்திரவதை, குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் போன்றவற்றுக்கு எந்தச் சூழ்நிலையும் சாக்காகாது. இவை அன்பாக இருக்கக்கூடிய சூழ்நிலையை யாராலும் எனக்குக் காட்ட முடியவில்லை.

திருக்குறளும் இதையேதான் சொல்கிறதா?

குறள் இரண்டு பக்கமும் இழுக்கிறது, அதனால்தான் எனக்கு அது துணை. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறது வாய்மை அதிகாரம். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும். 'புரைதீர்ந்த' என்ற நிபந்தனையை விட்டுவிட்டுத்தான் பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே வள்ளுவர், "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்கிறார். பெற்ற தாய் பசித்திருந்தாலும் செய்யக் கூடாதது உண்டு. சுருக்குமடித் தம்பியோடு பேசிய அன்று இந்த இரண்டையும் சேர்த்தே யோசித்தோம்.

யோசிக்க நேரமே இல்லாதபோது?

பழகிய குணம்தான் அப்போது வேலை செய்யும். அதனால்தான் பிள்ளைகளுக்கு முதலில் கட்டளைகளைக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். கூடவே ஒவ்வொன்றும் யாரைக் காப்பாற்ற வந்தது என்று சொல்லிக்கொடுங்கள்.

அன்போடு முடிவெடுத்தேன், ஆனால் எல்லாம் தப்பாகப் போய்விட்டது. இப்போது என்ன செய்ய?

என் நோக்கம் நல்லதுதான் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். நாஜிகளை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், பொறுப்போடு செயல்படுகிறவர் சில நேரம் குற்றத்தையும் தன்மேல் ஏற்க வேண்டிவரும், அதைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார். ஹிட்லரைக் கொல்லும் சதிக்குத் துணை நின்றவர் அவர். அதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பாதிக்கப்பட்டவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள், விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். எங்கள் சபையில் போதகரைத் தனியாகப் பார்த்துப் பேசலாம், அவர் வெளியே சொல்ல மாட்டார். ஈடு செய்ய முடிந்ததை ஈடு செய்யுங்கள். சகேயு அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19). பணம் போயிருந்தால் பணமாகக் கொடுங்கள். ஒருவர் பேர் கெட்டிருந்தால், யார் யார் முன்னால் கெட்டதோ அவர்கள் முன்னாலேயே போய் உண்மையைச் சொல்லுங்கள்.